கெட்டிக்காரர் வருகிறார்

திருக்கோகர்ணம்,
புதுக்கோட்டை.

அன்புள்ள கார்த்திக்கு,

அத்தை எழுதுவது. ராத்திரி பதினோரு மணிக்கு நீ அனுப்பிய வாட்ஸ்அப்பைக் காலையில்தான் பார்த்தேன். கட்டைவிரலால் தட்டிப் பதில் போடுகிற சங்கதியாக அது தெரியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். ஓசூரில் உங்கள் கம்பெனிக்குப் புதிய பிளாண்ட் ஹெட் வேண்டும். கடைசிச் சுற்றில் நிற்பவர் வேலையில் புலி. ஆனால் முந்தைய இடத்தில் ஒரு பெண் ஊழியர் போஷ் எனப்படும் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுத்து, விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே ராஜினாமா செய்துவிட்டு வந்தவர் என்று உன் காதில் விழுந்திருக்கிறது. எம்.டி.யிடம் சொன்னால், "அதெல்லாம் முடிஞ்ச கதைப்பா, நமக்கு வேலைதானே முக்கியம்" என்கிறார். தேர்வுக் குழுவில் எச்.ஆர். பக்கம் நீ ஒருவன்தான், வயதிலும் நீதான் சின்னவன். "எல்லாருக்கும் இன்னொரு வாய்ப்பு தரணும்னு நீங்களே சொல்வீங்களே அத்தை" என்று என்னையே சாட்சிக்கு இழுத்திருக்கிறாய்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதுள்ள நிலையில், இந்த நாற்காலிக்கு, இவரை எடுக்கக் கூடாது. எந்த நிலையில் எடுக்கலாம் என்பதையும் பின்னால் சொல்கிறேன். அதையும் சொல்லாவிட்டால் நான் பேசுவது வெறும் கோபமாகப் போய்விடும்.

உங்கள் எம்.டி. சொல்வது பழைய வாதம். பனீஷ் மூர்த்தி என்ற பெயரை எம்.பி.ஏ. படித்தபோது நீ கேள்விப்பட்டிருப்பாய். சென்னை ஐ.ஐ.டி.யிலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் படித்தவர். 1992இல் இன்போசிஸில் சேர்ந்து, அமெரிக்க விற்பனையைக் கையில் எடுத்து, பத்து வருடத்தில் அந்தக் கம்பெனியின் நட்சத்திரம் ஆனவர். 2002 ஜூலையில் அவர் வெளியேற வேண்டி வந்தது. அமெரிக்க அலுவலகத்தில் அவருக்குச் செயலாளராக இருந்த பெண், பாலியல் தொல்லை என்றும் முறையற்ற பணிநீக்கம் என்றும் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டிருந்தார். 2003 மே மாதம் 30 லட்சம் டாலரில் அந்த வழக்கு சமரசமாக முடிந்தது. அடுத்த வருடம் இன்னொரு பெண்ணின் வழக்கு 8 லட்சம் டாலரில் முடிந்தது. மூர்த்தி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. சமரசம் என்பதால் தீர்ப்பு என்று ஒன்றும் இல்லை.

அவர் எத்தனை காலம் சும்மா இருந்தார் என்று நினைக்கிறாய்? 2003 முடிவதற்குள் ஐகேட் நிறுவனம், அவர் நடத்திக்கொண்டிருந்த குவின்டன்ட் என்ற சிறு கம்பெனியை வாங்கி, அவரையே தலைமைப் பொறுப்பில் உட்கார வைத்தது. பத்து வருடம் ஓடியது. 2013 மே மாதம் அதே ஐகேட் அவரை வெளியே அனுப்பியது. தனக்குக் கீழே வேலை பார்த்த ஒரு பெண்ணுடன் இருந்த உறவைக் கம்பெனிக்குத் தெரிவிக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். அந்தப் பெண் தொல்லை என்றே சொன்னார். கம்பெனியோ, தொல்லை தடுப்பு விதி மீறப்படவில்லை, தெரிவிக்காமல் விட்டதுதான் மீறல் என்றது. இரண்டும் ஒன்றல்ல. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

இனி எம்.டி.யின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2011இல் ஐகேட், தன்னைவிடப் பெரிய பட்னி கம்ப்யூட்டர்ஸை ஏறத்தாழ 120 கோடி டாலருக்கு வாங்கியது. இவர் தலைமையில்தான். இவர் போன பிறகு, 2015இல், கேப்ஜெமினி சுமார் 400 கோடி டாலர் கொடுத்து ஐகேட்டையே வாங்கிக்கொண்டது. பங்கு வைத்திருந்த யாரும் தெருவுக்கு வரவில்லை. 'கெட்ட பெயர் எடுத்தவரைச் சேர்த்தால் கம்பெனி நொடித்துப்போகும்' என்று எச்.ஆர். கூட்டங்களில் பேசுவார்கள். அந்த வாதத்தை நீ எம்.டி.யிடம் தூக்கிக்கொண்டு போகாதே. அவர் ஐகேட்டைக் காட்டினால் உன்னால் வாய் திறக்க முடியாது. கெட்டிக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான். அதில் எனக்குச் சண்டையே இல்லை.

அந்தக் கணக்கில் எந்த வரியிலும் வராத ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்பதுதான் என் சண்டை.

டெல்லி டெரி ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்ததைப் பார். அதன் தலைமையில் இருந்த ஆர்.கே. பச்சௌரி சாதாரண ஆள் இல்லை. ஐ.நா.வின் பருவநிலைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். அந்தக் குழுவுக்கு 2007இல் அமைதிக்கான நோபல் பரிசில் பாதி கிடைத்தது. 2015 பிப்ரவரியில் டெரியில் வேலை பார்த்த இளம் பெண் ஒருவர் அவர் மீது புகார் கொடுத்தார். மே மாதம் உள்ளகப் புகார்க் குழு, அவர் மீது தவறு என்று அறிக்கை தந்தது. அவர் அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போனார். அந்த வருடம் நவம்பரில் ராஜினாமா செய்தது யார் தெரியுமா? புகார் கொடுத்த பெண். நிறுவனம் தன்னை நடத்திய விதத்தைக் கடிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். 2016 பிப்ரவரியில் பச்சௌரிக்கு 'நிர்வாகத் துணைத் தலைவர்' என்று புதிதாக ஒரு பதவியை உண்டாக்கிக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் கூச்சல் போட்டு, இவர் கையால் பட்டம் வாங்கமாட்டோம் என்று டெரி பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிக் கொடுத்த பிறகுதான் விடுப்பில் போனார். அவர் கடைசிவரை மறுத்தார். வழக்கு முடியும் முன்பே 2020இல் இறந்துவிட்டார். நீதிமன்றத்தில் எதுவும் நிரூபணமாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் நவம்பரில் அவள் வெளியே, பிப்ரவரியில் அவர் மேலே. இந்த மூன்று மாதத்துக்கு எந்தத் தீர்ப்பாயத்திலும் விளக்கம் கிடைக்காது.

இன்னொரு வாய்ப்பு பற்றி என்னைக் கேட்டாயல்லவா? நான் உன்னைக் கேட்கிறேன். நீங்கள் எடுக்கப் பார்ப்பவர் மீது புகார் கொடுத்த பெண்ணின் பயோடேட்டா நாளைக்கு உங்கள் மேஜைக்கு வந்தால், எம்.டி. என்ன சொல்வார்? "திறமை இருக்கு, ஆனா கொஞ்சம் பிரச்சினை பண்ற ஆளு போல." சொல்வாரா, மாட்டாரா? வாய்ப்பு ஒரு பக்கம் மட்டும் கிடைப்பதாக இருந்தால் அதைக் கருணை என்று சொல்லாதீர்கள். பெரிய சம்பளக்காரர்களுக்கு உள்ள சலுகை என்று சொல்லுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.

எல்.ஐ.சி.யிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சில கம்பெனிகளின் போஷ் கமிட்டிகளில் வெளி உறுப்பினராக உட்காருகிறேன் என்பது உனக்குத் தெரியும். விசாரணை நாளுக்கு 200 ரூபாய் படி என்று 2013 விதியில் போட்டிருக்கிறது. உன் அப்பன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அங்கே பார்த்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். பேர், ஊர் சொல்லமாட்டேன், சட்டத்தின் 16ஆவது பிரிவு என் வாயைக் கட்டியிருக்கிறது. நூற்பாலை என்பது வரைக்கும் போதும்.

நைட் ஷிப்டில் நின்ற பெண். பன்னிரண்டாவது முடித்து நேராக வேலைக்கு வந்தவள். சூப்பர்வைசருக்கும் மேலே இருந்த ஒரு அதிகாரி மீது புகார். அவளிடம் பேசினோம், கூட வேலை செய்த பெண்களிடம் பேசினோம். அதிகாரியைக் கூப்பிட்டிருந்த நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் அவர் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டார். மறுநாள் நாங்கள் போய் உட்கார்ந்தோம். மெதுவடையும் காபியும் வரவழைத்து வைத்துவிட்டு எச்.ஆர். மேனேஜர் சொன்னார், "அவர்தான் போயிட்டாரே மேடம், இனிமே விசாரிச்சு என்ன ஆகப்போகுது." ராஜினாமா கொடுத்தால் விசாரணை தானாக நின்றுவிடும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்றேன். கமிட்டித் தலைவியைப் பார்த்தேன். அவரும் அதே மில்லில் சம்பளம் வாங்குகிறவர். வடையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. கோப்பு அன்றைக்கே மூடப்பட்டது. என் மறுப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ரிலீவிங் லெட்டரில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதினார்கள். நடத்தை நன்று என்றும் ஒரு வரி.

சில மாதம் கழித்து வேறொரு தாலுகாவில் ஒரு கம்பெனிக்கு போஷ் வகுப்பு எடுக்கப் போனேன். முன்வரிசையில் நோட்டும் பேனாவுமாக அவர் உட்கார்ந்திருந்தார். முன்பைவிட ஒரு படி மேலே. எழுந்து வணக்கம் வைத்தார், நானும் வைத்தேன். அந்தப் பெண்ணை விசாரித்தேன். பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றினார்களாம், ஓ.டி. நின்றுபோனதாம், வேனில் கூட வருகிறவர்கள் பார்த்த பார்வை தாங்காமல் வேலையை விட்டுவிட்டாளாம். இப்போது ஜவுளிக்கடையில் நைட்டி செக்‌ஷனில் நிற்கிறாள்.

அவரை எடுத்த இரண்டாவது கம்பெனிக்காரர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் கையில் இருந்தது அந்த ரிலீவிங் லெட்டர் மட்டும்தான். உன் மேஜையில் இருப்பதும் அப்படி ஒரு காகிதம்தான், கார்த்தி. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ஏஜென்சி பட்டத்தைப் பார்க்கும், வேலை பார்த்த தேதியைப் பார்க்கும், கோர்ட் கேஸ் உண்டா என்று பார்க்கும். 'இவரை மறுபடி எடுப்பீர்களா' என்று பழைய கம்பெனியைக் கேட்டால், 'அதைச் சொல்வது எங்கள் வழக்கமில்லை' என்று பதில் வரும். கம்பெனி ஆண்டறிக்கையில் போஷ் கமிட்டி வைத்திருக்கிறோம் என்று 2018 முதல் எழுத வேண்டும். 2025 ஜூலை முதல் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளுக்கு மேல் எத்தனை கிடப்பில் இருக்கிறது என்றும் சொல்லியாக வேண்டும். வெறும் எண்தான். விசாரணைக்கு முன்பே ஆள் நழுவிய கோப்பு 'முடிந்தது' என்ற எண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த ஓட்டையை உச்ச நீதிமன்றமே ஒரு விதத்தில் பார்த்தது. 2025 செப்டம்பரில் வந்த தீர்ப்பு. கொல்கத்தாவில் உள்ள சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மீது அங்குள்ள பேராசிரியை ஒருவர் கொடுத்த புகார், சட்டம் சொல்லும் காலக்கெடுவுக்குப் பின் வந்தது என்பதால் எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம், அவ்வளவுதான் கெடு. அத்தோடு விடவில்லை. இந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன்னுடைய பயோடேட்டாவில் சேர்த்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது. படித்தபோது முதலில் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. யோசிக்க யோசிக்கச் சங்கடமாகிவிட்டது. விசாரணையே நடக்காத புகாரை ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டுமா? நாளைக்கு உன் மீது ஒருவர் சொன்னால்? இன்றுவரை எனக்கு அதில் மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை.

அந்தச் சங்கடம் உனக்கும் இருக்க வேண்டும் என்பேன். காதில் விழுந்ததை வைத்து ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போடக் கூடாது. கமிட்டிகள் தப்பே செய்யாது என்றும் நினைத்துவிடாதே. கோவா பல்கலைக்கழகத்தில் ஒரு துறைத் தலைவரை, மாணவியர் கொடுத்த புகாரின் பேரில் விசாரித்து வேலையிலிருந்தே நீக்கினார்கள். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவர் குற்றமற்றவர் என்று சொல்லவில்லை. விசாரணையை அவசர அவசரமாக ஓட்டி, அவர் தன் பக்கத்தைச் சொல்லப் போதிய வாய்ப்புத் தரவில்லை, முறைப்படி மறுபடி நடத்துங்கள் என்றது. ஆகவே ஒருவரைப் பற்றி 'போஷ் கேஸ்' என்று கேள்விப்பட்டால் அது புகாராக நிற்கிறதா, கமிட்டி முடிவா, மேல்முறையீட்டில் இருக்கிறதா, கோர்ட்டில் விடுதலையா என்று நீ பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எடை வேறு.

பிரித்துப் பார்க்க ஒரே வழி, அவரையே கேட்பது. 16ஆவது பிரிவு புகாரின் விவரத்தையும் அந்தப் பெண் யார் என்பதையும் வெளியிடத்தான் தடை போடுகிறது. 'உங்கள் மீது இப்படி ஒரு புகார் இருந்ததா, எந்தக் கட்டத்தில் வெளியே வந்தீர்கள்' என்று வேலைக்கு வருகிறவரை நேரில் கேட்பதை அது தடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் கேட்காதே, அவர் சொல்ல வந்தாலும் சொல்ல விடாதே. விசாரணை முடிவு என்ன ஆனது என்று பழைய கம்பெனியிடம் கேட்க எழுத்தில் சம்மதம் தருவாரா என்று கேள். உண்மையிலேயே மனம் நொந்தவர் சங்கடப்பட்டுக்கொண்டாவது கொடுப்பார். பொய்யாகச் சிக்க வைக்கப்பட்டவர் தாமாகவே காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். நான் பார்த்த வரைக்கும் அவர்கள்தான் முதலில் பேச்செடுப்பார்கள். "அதெல்லாம் ஆபீஸ் பாலிடிக்ஸ்" என்று சிரித்து ஒதுக்குகிறவரிடம் ஜாக்கிரதை.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலிருந்து போன ஒருவரே உதாரணம். கூகுளின் தேடல் பிரிவுக்குத் தலைவராக இருந்த அமித் சிங்கல் 2016இல் அங்கிருந்து விலகினார். 2017 ஜனவரியில் ஊபர் அவரைப் பெரிய பதவிக்கு எடுத்தது. அடுத்த மாதமே போகச் சொல்லிவிட்டது. கூகுளில் தன் மீது ஒரு புகார் விசாரிக்கப்பட்டதை ஊபரிடம் அவர் சொல்லவில்லை என்பது வெளியே வந்துவிட்டது. அவர் அந்தப் புகாரை மறுத்தார். ஆனால் ஊபர் பிடித்துக்கொண்டது, சொல்லாமல் விட்டதை. ஆகவே ஆஃபர் லெட்டரில் ஒரு வரி போடச் சொல். முன்பு நடந்த விசாரணை எதையும் மறைத்திருந்தால், இழப்பீடு எதுவும் இல்லாமல் வேலை போகும் என்று. மெக்டொனால்ட்ஸ் 2019இல் தன் தலைவர் ஈஸ்டர்புரூக்கை அனுப்பியபோது பெரிய தொகையோடு அனுப்பியது. அவர் மறைத்தவை பிற்பாடு தெரிந்ததும் வழக்குப் போட்டு, 2021 முடிவில் 10 கோடி டாலருக்கு மேல் திரும்ப வாங்கிக்கொண்டது. மறைத்தவரிடம் திரும்ப வாங்க முடியும் என்று உங்கள் எம்.டி.க்குத் தெரிந்தால் அந்த வரி அவருக்குப் பிடித்துப்போகும்.

சரி, எப்போது எடுக்கலாம்? விசாரணை முறையாக நடந்து குற்றமில்லை என்று முடிந்திருந்தால் தாராளமாக எடுங்கள், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். குற்றம் என்று முடிந்திருந்தாலும், வாயால் பேசியது, அத்துமீறி மெசேஜ் அனுப்பியது போன்றவை என்றால், தண்டனையை ஏற்று, மறைக்காமல் சொல்கிறவரைக் காலமெல்லாம் வீட்டில் உட்கார வைக்க நான் சொல்லமாட்டேன். டிசைன் பிரிவில், ஆலோசகராக, யாருடைய லீவும் ஷிப்டும் இன்கிரிமெண்டும் அவர் பேனாவில் இல்லாத இடத்தில் வைக்கலாம். கையை வைத்தவர், மிரட்டியவர், பதவியைக் காட்டிப் பணிய வைக்கப் பார்த்தவர் என்றால் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது.

நீங்கள் எடுக்கப் பார்ப்பது பிளாண்ட் ஹெட். இதை எம்.டி. யோசித்திருக்கமாட்டார், நீ சொல். 2013 சட்டத்தைப் பொறுத்தவரை, ஒரு பணியிடத்தை நிர்வகித்து மேற்பார்க்கும் பொறுப்பில் இருப்பவரும் 'பணி வழங்குநர்'தான். அந்த ஆலையில் கமிட்டி உறுப்பினர்களை நியமிப்பது அவர் கையெழுத்தில் வரும். கமிட்டித் தலைவிக்கு அப்ரைசல் போடுவது அவர். கமிட்டி பரிந்துரை செய்தால் 60 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டியவரும் அவர். புகார்ப் பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டு அதன் சாவியை அவர் சட்டைப் பையில் போடுவது போல இது. அவர் மீதே புகார் வந்தால், அவரைப் பணி வழங்குநராகக் கருதி, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டியிருக்கும். லைனில் நிற்கும் எந்தப் பிள்ளைக்குக் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸில் அப்படி ஒரு குழு இருப்பது தெரியும்?

அந்தப் பிள்ளைகள் யார் என்பதையும் நீதான் சொன்னாய். பொங்கலுக்கு வந்தபோது, "அறந்தாங்கி, ஆலங்குடி, கந்தர்வகோட்டைன்னு ஹாஸ்டல் பூரா நம்ம ஊர்ப் புள்ளைங்கதான் அத்தை" என்று பெருமையாகச் சொன்னாய். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அதற்குப் பின்னால் எத்தனை வீட்டில் எத்தனை சண்டை நடந்திருக்கும் என்று நான் சொல்லட்டுமா? அறிவொளி இயக்கக் காலத்தில், 1991, 92 வாக்கில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, இந்த மாவட்டத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தோம். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், பூக்கட்டுகிறவர்கள், அங்கன்வாடிக்காரர்கள். நான் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறேன். பின்னால் ஓடியதைவிட, சாயங்காலம் அந்தப் பெண்களின் மாமியார்களிடம் உட்கார்ந்து பேசியதுதான் அதிக வேலை. இன்றைக்கு அந்தச் சைக்கிள் பெண்களின் பேத்திகள்தான் உங்கள் ஹாஸ்டலில் இருக்கிறார்கள். ஒரு பிளாண்ட் ஹெட்டைப் பற்றிய பேச்சு, அவர் ஆஃபர் லெட்டர் வாங்கும் முன்பே ஊருக்கு வந்துவிடும். வந்துவிட்டால் ஒரு பிள்ளையை மட்டும் திரும்பக் கூப்பிடமாட்டார்கள். அந்தத் தெருவிலிருந்து அப்புறம் ஒருத்தியும் கிளம்பமாட்டாள்.

திண்டுக்கல் பக்கம் என்ன நடந்தது என்று உனக்கு நினைவிருக்கும். ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டாள். கைதானவர் அவளுடைய சூப்பர்வைசர். அதற்கு முன்பே அந்த ஆலையில் பெண்கள் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், கேட்க ஆளில்லை. அதற்குப் பிறகுதான் 2022 ஏப்ரலில், பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியனும், ஆலையின் உரிமையாளர்களான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், எச் அண்டு எம் என்ற வாங்கும் கம்பெனியும் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். லைனில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பவர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். முறையிட ஆலைக்கு வெளியேயும் வழி வைத்தார்கள். அங்கே ஒரு உயிர் போன பிறகு வந்ததை இங்கே முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். யாரை எடுத்தாலும் உங்கள் ஆலைக்கு அது வேண்டும்.

இனி உன் விஷயம். நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. எம்.டி. முடிவெடுத்துவிட்டால் உன்னால் தடுக்க முடியாது. தடுப்பது உன் வேலையும் இல்லை. உன் கருத்தைக் கோப்பில் வைப்பதுதான் உன் வேலை. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். 'இன்னது கேள்விப்பட்டேன், உறுதி செய்ய முடியவில்லை, வேட்பாளரிடம் இவற்றைக் கேட்குமாறு பரிந்துரைக்கிறேன், பதில் வரும்வரை ஆஃபர் கொடுக்க வேண்டாம்' என்று தேதி போட்டு மெயிலில் அனுப்பு. ஒழுக்கம், தர்மம் என்றெல்லாம் எழுதாதே, முதலாளிகள் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவார்கள். வாட்ஸ்அப்பிலும் வேண்டாம். யாரிடமும் இதைப் பேச்சுவாக்கில் சொல்லாதே, கேன்டீனில் கண்டிப்பாகச் சொல்லாதே. பேச்சு கிளம்பினால் அந்தப் பெண்ணின் பெயரைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள்.

அப்படியும் அவரையே எடுத்தார்கள் என்றால், சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டு வராதே. நீ இருந்தால்தான் செய்ய முடிகிறவை சில இருக்கின்றன. கமிட்டித் தலைவி அவருக்குக் கீழே இல்லாதவராக, தலைமை அலுவலகத்திலிருந்து வரட்டும். கமிட்டி நியமன உத்தரவில் எம்.டி. கையெழுத்துப் போடட்டும். வெளி உறுப்பினராக உங்கள் ஆடிட்டரின் மனைவியைப் போடாதே, உண்மையாகவே வேலை தெரிந்த ஒருவரைப் பிடி. கிருஷ்ணகிரிப் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள், நம்பர் தருகிறேன். உள்ளூர்க் குழுவின் முகவரியை ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டு. ஒடிசாப் பிள்ளைகள் இருந்தால் ஒடியாவிலும்.

குறிப்பை எழுதியதும் அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு, எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டு. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் அன்றைக்கே திருத்தித் தருகிறேன், சனிக்கிழமை எனக்கு விராலிமலையில் விசாரணை இருக்கிறது. உன் அப்பனிடம் முட்டை மாஸ் ஒரு கிலோ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவனே பஸ்ஸில் பாதியைத் தின்றுவிடப் போகிறான், எண்ணி வாங்கு.

அன்புடன்,
அத்தை